ஒரே எண், இரண்டு பாட்டில், ஒரு பலாப்பழம்

போன மாதம் எங்கள் பழைய லேபில் பார்கோடு ஒட்டும் இயந்திரம் வந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட இரண்டே காரணங்கள்தான் உண்டு. விளக்கேற்ற ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் போட்டோவில் ஓர் ஓரம் காலியாக இருக்கும். நான் இரண்டு வேலையையும் முடித்துக் கொடுத்தேன்.

இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. பரிசோதனைக்கு வரும் பாட்டிலில் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர். அதன்மேல் சிவப்பு வெளிச்சம் பட்டதும் நோயாளியின் பெயர், வயது, உடம்பில் எந்தப் பக்கம், எந்த டாக்டர், எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. "மேடம், இது இல்லாம நீங்க முப்பது வருஷம் எப்படி ஓட்டினீங்க? ஒரு தடவைகூட மாறிப்போனது இல்லையா?" என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் வித்யா கேட்டாள். வாய் நிறைய கேக் இருந்ததால் தப்பித்தேன். கேக் தீர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இனியும் மென்றுகொண்டிருக்க முடியாது.

என் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது நெய்வேலி நகரியத்தில். இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்களுக்கு மனிதர்களை எண்ணால்தான் தெரியும். எந்த பிளாக், எந்த ரோடு, எத்தனையாம் நம்பர் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் போதும், அந்த வீட்டில் மதியம் என்ன குழம்பு என்பதுவரை சொல்லிவிடுவோம். பெயரைச் சொன்னால் விழிப்போம். ஊரில் ஆயிரம் ஆறுமுகம் இருக்கும்போது பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிதம்பரத்தில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு. அதில் பாதி புரிந்தது, புரிந்ததில் பாதி நினைவில் நின்றது. பிறகு நகரியத்தை ஒட்டி, மெயின் ரோட்டில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். நாற்பது படுக்கை, ஒரு லிஃப்ட், அதுவும் பாதி நாள் ஓய்வில் இருக்கும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களும் சுற்றுவட்டாரத்துக் கிராமத்தவர்களும்தான் எங்கள் நோயாளிகள். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

என் வேலை திசுப் பரிசோதனை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஃபார்மலின் பாட்டிலில் மிதந்துகொண்டு என்னிடம் வரும். அதை ஆல்கஹாலில் ஊறவைத்து நீரை எடுத்து, மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியை முடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவ வேண்டும். சீவிய ஏட்டை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடிச் சில்லை அடியில் கொடுத்து ஏந்தி எடுத்து, சாயம் ஏற்றினால் உயிரணுக்களின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்து, இது புற்றுநோயா இல்லையா என்று சொல்வது டாக்டர் பத்மாவதியின் வேலை.

ஆனால் நோயாளிகளுக்கு அந்த டாக்டரைத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது நான்தான். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு ஃபிட்டர், அந்தக் கற்களைத் திருப்பிக் கேட்டு ஒரு வாரம் நடையாய் நடந்தார். "வயித்துவலின்னு லீவு போட்டேன், பொய்னு மெமோ குடுத்துட்டாங்க மேடம். ஆதாரத்தக் காட்டணும்" என்றார். ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். கண்ட்ரோல் ரூமில் அதிகாரியின் மேஜைமேல் அதைக் கொட்டினாராம். மெமோ ரத்து.

டாக்டர் பத்மாவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தடிகூட இருக்க மாட்டார். நாற்காலிமேல் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து அதன்மேல் உட்கார்ந்துதான் நுண்ணோக்கியில் கண் வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தவறு செய்தால் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து, "சாப்பிடு" என்று கொடுப்பார். அதை அவர் முன்னால் நின்று சப்பி முடிக்க வேண்டும். அதற்குள் என்ன தவறு என்று நாமே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். நான் சேர்ந்த முதல் வருடம் எனக்கு இரண்டு பல் சொத்தையாயின.

தொலைபேசியில் ரிசல்ட் சொல்லவே மாட்டார். ஒருமுறை பெரிய பதவியில் இருந்த ஒருவர், தன் தம்பியின் ரிசல்ட் உடனே வேண்டும் என்று நாலு தடவை போன் செய்துவிட்டார். நாலாவது தடவை டாக்டரே ரிசீவரை வாங்கினார். "சார், உங்க தம்பி இன்னும் ஆல்கஹால்ல ஊறிக்கிட்டு இருக்கார். வெளிய எடுத்ததும் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். அந்தத் தம்பி மாலை வேளைகளில் எப்படியும் அதில்தான் ஊறுவார் என்பது ஊருக்கே தெரியும். பெரிய பதவிக்காரர் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை.

நான் மட்டும் சாதுவா? பாட்டில்மேல் பெயர் இல்லாமல் வந்தால் அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். "அனாதை இங்கே சேர்க்கப்படாது" என்று ஒரு சீட்டும் ஒட்டி அனுப்புவேன். நர்ஸ்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. இவ்வளவு கறாரான நான்தான் அந்த ஒருநாள் கோட்டை விட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, கோடைக் கடைசியில் நடந்தது. ஆறுமுகம் என்று ஒருவர், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனென்ட் தொழிலாளி. குவார்ட்டர்ஸில் மனைவி செல்வி, இரண்டு குழந்தைகளுடன் இருந்தார். அம்மா அஞ்சலை பக்கத்தில் முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரி உடைத்துக்கொண்டு தனியாக இருந்தார். செல்விக்கு முப்பத்து நான்கு வயது, இடது மார்பில் ஒரு கட்டி. அஞ்சலைக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கும் இடது மார்பில் ஒரு கட்டி. மருமகளுக்குக் கட்டி என்று பேச்சு வந்தபோதுதான், "எனக்குந்தான் ஒண்ணு கெடக்குது, ஆறு மாசமா" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். ஆறுமுகத்துக்கு ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. இருவரையும் ஒரே நாளில், ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் மருத்துவமனைக்கும் அந்த ஊர் வியாதி தொற்றியிருந்தது. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு ஒரே எண், ஒரே ஃபைல். அந்த எண்ணுக்குப் பின்னால் மனைவி 1, அம்மா 2 என்று அட்டையில் இருக்கும். அந்தக் குடும்பத்தில் செல்வி 1, அஞ்சலை 2.

இரண்டு பேருக்கும் கட்டியில் ஊசியால் சதை எடுத்தார்கள். கொஞ்சம் தடித்த ஊசி, உள்ளே போய் வரும்போது சேமியாத் துண்டு போல ஓர் இழை சதையைக் கொண்டு வரும். அன்று மைனர் தியேட்டரில் இருந்த நர்ஸ் புதியவள். அட்டையைப் பார்க்கவில்லை. முதலில் உள்ளே வந்தவரின் பாட்டிலில் ஆறுமுகத்தின் எண்ணைப் போட்டு 1 என்றும், அடுத்து வந்தவரின் பாட்டிலில் 2 என்றும் எழுதி அனுப்பிவிட்டாள். பெயர் இல்லை.

வழக்கம்போல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அட்டையைப் பார்த்தேன், 1 மனைவி, 2 அம்மா. இந்த ஊரில் பிறந்தவளுக்கு எண்ணைப் பார்த்து ஆளைச் சொல்லத் தெரியாதா என்ற திமிர். என் கையாலேயே முதல் பாட்டிலில் செல்வி என்றும் இரண்டாவதில் அஞ்சலை என்றும் எழுதினேன். அழகான கையெழுத்து வேறு.

ரிசல்ட் வந்தது. செல்விக்குப் புற்றுநோய். அஞ்சலைக்குச் சாதாரணக் கட்டி, ஒன்றும் செய்ய வேண்டாம்.

கடலூரிலிருந்து வாரம் மூன்று நாள் வரும் சர்ஜன் கையால் பார்த்தபோது மாமியாரின் கட்டிதான் கல் மாதிரி இருந்திருக்கிறது. ஸ்கேனிலும் ஒன்று சந்தேகக் கட்டி என்றுதான் வந்தது. ஆனால் இரண்டு ஸ்கேனும் ஒரே எண்ணில், ஒரே ஃபைலில். என் அழகான கையெழுத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் மற்றதை அதற்கேற்ப அடுக்கிவிட்டார்கள். செல்வியைக் கூப்பிட்டு சர்ஜன் பொறுமையாகப் பேசினார். கட்டி சின்னது. அதையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மார்பை வைத்துக்கொள்ளலாம். பிறகு பாண்டிச்சேரியில் சில வாரம் கதிர்வீச்சு. இல்லையென்றால் மொத்தமாக எடுத்துவிடலாம். "சின்ன வயசும்மா, வச்சுக்கிறதுதான் நல்லது" என்று படம் போட்டுக் காட்டினார். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை, தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் ஒரு பலாப்பழத்துடன் ஓர் அம்மாள் லேபுக்குள் வந்துவிட்டார். செக்யூரிட்டி பின்னாலேயே ஓடி வந்தான். பழத்தின் முள்ளுக்குப் பயந்து மூன்றடி தள்ளியே நின்றான்.

"யம்மா, இந்த பாட்டிலுக்கெல்லாம் பேரு எழுதுற பொண்ணு நீதான?" என்றார்.

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. யாரும் பொண்ணு என்று கூப்பிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகவே செக்யூரிட்டியைப் போகச் சொன்னேன்.

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நா ஆறுமுகத்தோட அம்மா, அஞ்சல. முத்தாண்டிக்குப்பம். எம்மவன் கன்வேயர்ல இருக்கறான்." பழத்தை என் மேஜைமேல் இறக்கி வைத்தார். மெழுகு சீவும் இயந்திரம் ஒரு குலுங்கு குலுங்கியது. "எம்மருமவ செல்விக்கு கெட்ட கட்டின்னு எழுதிப்புட்டீங்களாம். எனக்கு நல்ல கட்டியாம். நீ அத கொஞ்சம் மாத்திப் போட்டுடும்மா."

"எதை மாத்தறது?"

"அவ பேப்பர்ல எம்பேரு. எம்பேப்பர்ல அவ பேரு. அவ்ளோதான். உனுக்கு என்னா, ரெண்டு கோடு கிழிக்கிற வேல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரை மாத்தி எழுதினா வியாதி மாறிடுமாங்க?"

"பேப்பர்ல யாரு பேரு இருக்குதோ அவங்களத்தான கூப்புட்டு வெட்டுவாங்க? வெட்டறத என்ன வெட்டட்டும். அவ சின்ன உசுரு. ரெண்டு புள்ளைங்க. நேத்து போயி பாக்கறன், பள்ளிக்கூடமே இன்னும் தொறக்கல, வருசம் பூராவுக்கும் நோட்டுக்கு அட்ட போட்டு, பேரு எழுதி அடுக்கி வெச்சிகினு இருக்கறா. தான் இருக்க மாட்டன்னு அவளே முடிவு பண்ணிட்டா."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சை மாற்றத்தான் கேட்டேன். "மருமக மேல அவ்வளவு பாசமாங்க?"

"பாசமா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டு வருசமா எங்களுக்குள்ள பேச்சு கெடையாது. அவ வூட்ல ஒரு வாயி தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல நா. அதுக்காவ? சண்ட போடவாவது ஆளு இருக்க வேணாமா?"

இதெல்லாம் செய்ய முடியாது, வேலை போய்விடும், பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் கிளம்பவில்லை. முந்திரிப்பால் பட்டுக் கருத்துப்போன விரல்களால் என் மேஜையைத் தட்டித் தட்டி, மருமகளின் குற்றப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். அடக்கம் இல்லை, பெரியவர் சிறியவர் தெரியாது.

"ஊசி போட வந்தன்னிக்கே பாரேன். அந்த நர்சு மொதல்ல அவ பேரச் சொல்லிக் கூப்புடுது. இவளும் எழுந்து நிக்கிறா. பெரியவ நா ஒருத்தி குத்துக்கல்லாட்டம் குந்திகினு இருக்கறன், நீ என்னாடி மொதல்லன்னு, அவள அந்தாண்ட தள்ளிட்டு நாந்தான் மொதல்ல உள்ள போனன்."

என் கை அப்படியே நின்றது.

"யாரு மொதல்ல போனது?"

"நாந்தான்."

"மொதல்ல ஊசி போட்டது உங்களுக்கா?"

"எத்தினி தடவ கேப்ப? எனக்குத்தான். எனக்கப்பறம்தான் அவ."

மூன்றாவது தடவையும் கேட்டேன். "உனுக்குக் காது மந்தமா?" என்று கேட்டுவிட்டு, பழத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் ரெஜிஸ்டரை எடுத்தேன். பாட்டில்களை எடுத்தேன். தியேட்டர் நர்ஸிடம் போய், அன்று எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "வந்த வரிசைப்படி, மேடம். ஏன்?" என்றாள் பாவம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை. வியாழக்கிழமை ஒன்றுமில்லாத ஒரு பெண்ணை அறுக்கப் போகிறார்கள். நோய் இருப்பவரோ தனக்கு நல்ல கட்டிதான் என்ற நம்பிக்கையில் முந்திரி உடைக்கப் போய்விட்டார். இரண்டும் என் கையெழுத்தால்.

இன்னொரு கேவலமும் உறைத்தது. இப்போது போய் உண்மையைச் சொன்னால், பெயரை மாற்றச் சொல்லி ஒருவர் பலாப்பழம் கொண்டு வந்தார், அன்றைக்கே நான் பெயர் மாறிவிட்டது என்கிறேன் என்றுதான் ஆகும். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அந்தப் பழம் லேபுக்குள் போனதைப் பார்த்திருந்தார்கள். மீதிப் பேருக்கு வாசனை போயிருந்தது.

திரும்பி வந்தால் மேஜையில் பழம் இல்லை. எங்கள் அட்டெண்டர் பாலு அதை டீ ரூமுக்குத் தூக்கிப்போய், கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, அறுத்துச் சுளை சுளையாக எல்லாருக்கும் விநியோகம் செய்து முடித்திருந்தான். டாக்டர் அறைக்குப் போனேன். தட்டில் மூன்று கொட்டைகள் கிடந்தன.

"பழம் ரொம்ப நல்லா இருக்கு கோமதி. யார் கொண்டு வந்தது?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு மேடம். அந்தத் தப்புதான் கொண்டு வந்தது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், அட்டை, என் கையெழுத்து, அஞ்சலை கேட்டது, பழம். அவர் டிராயரைத் திறந்தார். கையை நீட்டத் தயாரானேன். அவர் ஒரு பெப்பர்மின்ட்டை உரித்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

பிறகு செல்வி என்று எழுதிய கண்ணாடிச் சில்லை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இங்க வா. நோய் இருக்கற இடத்தைப் பார்க்காத. அதுக்குப் பக்கத்துல இருக்கறதப் பாரு. எல்லாம் வத்திப்போய் வெறும் கொழுப்பா இருக்கு. மாதவிலக்கு நின்ன பொம்பளையோட மார்பு இது. முப்பத்து நாலு வயசுன்னு நீ எழுதியிருந்தே. அன்னிக்கே எனக்கு ஒரு நெருடல். சிலருக்கு அப்படி இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்." மிட்டாயைச் சப்பி முடித்தார். "கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கேக்கல. உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. பழத்துலயும் பங்கு வாங்கிட்டேன்."

அடுத்த கால் மணி நேரத்தில் சர்ஜனுக்குப் போன் போயிற்று. வியாழக்கிழமை ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. அன்று மாலையே மாமியாரும் மருமகளும் மறுபடி ஊசிக்கு வந்தார்கள். இந்த முறை டாக்டர் பத்மாவதியே தியேட்டருக்குள் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டார். ஒருவர் வெளியே போன பிறகுதான் அடுத்தவர் உள்ளே. ஒவ்வொருவரும் தன் பெயர், வயது, எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல நான் பாட்டிலில் எழுத வேண்டும். எழுதியதை அவர்களிடம் காட்ட வேண்டும். "நா சோசியருகிட்டகூட இத்தினி தடவ பேரு சொன்னதில்ல" என்றார் அஞ்சலை. செல்வி சொன்னதைச் செய்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மதியம் ரிசல்ட். நோய் அஞ்சலைக்குத்தான். செல்விக்கு இருந்தது, அந்த வயதில் பல பெண்களுக்கு வரும் வெறும் கட்டி.

டாக்டரும் சர்ஜனும் ஆறுமுகத்தை உட்காரவைத்து, லேபில் பெயர் மாறிவிட்டது, எங்கள் தவறு என்று மறைக்காமல் சொன்னார்கள். ஆபரேஷன் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னார்கள். சிகிச்சை பற்றி நோயாளியிடம் பேசினாலும், தவறு, புகார் என்றால் எண் யாருடையதோ அவரிடம்தான் சொல்வது எங்கள் வழக்கம், அதனால் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "பொண்டாட்டிக்கு இல்லன்னு சிரிக்கறதா, அம்மாவுக்குன்னு அழுவறதா சார்?" என்றார். வீட்டுக்குப் போய், பரிசோதனையில் மாறி வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அஞ்சலைக்கு அது போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் என்னிடம் மட்டும் வந்திருக்கவில்லை, வரும் வழியில் ஊர் மாரியம்மனிடமும் அதே கோரிக்கையை வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மருமகளிடமிருந்து நோயைத் தனக்கு மாற்றி வாங்கிவிட்டதாகவே முடிவுக்கு வந்துவிட்டார். இரண்டாவது ஊசி அதற்குச் சாட்சி. செல்வியும் அதை நம்பிவிட்டாள்.

சர்ஜன் அஞ்சலையிடம் பேசியபோது நானும் அங்கே இருந்தேன். "நீ செஞ்சது எதுல போய் முடியுதுன்னு கூடவே இருந்து பாரு" என்று டாக்டர் என் கையில் ஃபைலைக் கொடுத்து அனுப்பியிருந்தார். செல்வி மாமியாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மொத்தமா எடுத்துடலாம்மா. இந்த வயசுல எதுக்கு அது? கதிர்வீச்சுக்கு பாண்டிச்சேரி அலையிற வேலையும் மிச்சம்" என்றார் சர்ஜன். ஃபைலில் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க டாக்டரே" என்றார் அஞ்சலை. "இது எம்மருமவகிட்ட இருந்தப்ப என்னா சொன்னீங்க? கட்டிய மட்டும் எடுப்பம், மாரு இருக்கட்டும், கரண்டு வெச்சிக்கலாம்னு படம் போட்டுக் காட்டுனீங்களாமே? அதே கட்டிதான? எங்கிட்ட வந்ததும் மொத்தமா எடுக்கணும்னா என்னா அர்த்தம்?"

சர்ஜன் பேனாவை நிறுத்தினார். "அவங்க சின்னப் பொண்ணு..."

"எனக்கு இருக்கறது மட்டும் எரவலா வாங்கிகினு வந்ததா? இவ்ளோ நாளு எங்கூடவே இருக்குது. காட்டிகினு திரியப் போறதில்ல. இருந்தாலும் எனக்கு வேணும்."

நேற்றுவரை வெட்டுவதானால் என்னை வெட்டுங்கள் என்றவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. செல்வி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சர்ஜனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. நல்ல மனிதர், எழுதியதை அடித்துவிட்டு ஒரு புதுத் தாள் எடுத்தார். செல்விக்குப் போட்ட அதே படத்தை அஞ்சலைக்கும் போட்டார். இந்த அளவுக் கட்டிக்கு இரண்டு வழியிலும் பிழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மார்பை வைத்துக்கொண்டால் கதிர்வீச்சைத் தவறவே விடக்கூடாது என்றார். "பஸ்ஸு இருக்குது, இவ இருக்கறா, போய் வரம்" என்றார் அஞ்சலை. மருமகளைக் கேட்கவே இல்லை.

வெட்டி எடுத்த கட்டி அடுத்த வாரம் என்னிடம் வந்தது. ஓர் எலுமிச்சம்பழ அளவு. எது மேல், எது வெளிப்பக்கம் என்று தெரிய சர்ஜன் நூல் கட்டி அனுப்பியிருந்தார். மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல். பாட்டிலில் முழுப் பெயர் இருந்தது, இருந்தும் மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிற மை தடவிக் காயவைத்தேன். பிறகு டாக்டர் அதை ரொட்டி நறுக்குவதுபோல் நறுக்கினார். மை பூசிய ஓரத்தில் எங்காவது நோய் தொட்டுக்கொண்டிருந்தால் மறுபடி அறுக்க வேண்டும். சில்லுகளைப் பார்த்து முடிக்க அவருக்கு ஒரு பகல் பிடித்தது. நான் அறைக்கு வெளியே பாலுவிடம் தேவையில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கதவைத் திறந்து, "எல்லா ஓரமும் சுத்தம். பாலுவை விடு" என்றார். அக்குளில் எடுத்த நெறிக்கட்டியிலும் நோய் இல்லை.

தினமும் மாமியாரும் மருமகளும் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். போகும்போது ஒரு சண்டை, வரும்போது ஒரு சண்டை என்று கண்டக்டர்கள் வழியாகச் செய்தி வந்தது. ஒருநாளும் தவறவில்லை.

எனக்குத்தான் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. தப்பு எங்களுடையது என்று மகனுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது என்னைப் பார்க்க லேபுக்கு வந்தார். நன்றாகச் சதை போட்டிருந்தார். உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆரம்பத்திலிருந்தே நோய் அவருக்குத்தான், நான்தான் பெயரை மாற்றி எழுதினேன், எந்தச் சாமியும் எதையும் மாற்றவில்லை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்ப, நா அவளுக்கு ஒண்ணுமே குடுக்கலியா?" என்றார்.

இத்தனை வருட வேலையில் யாரும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "நீங்க அன்னிக்கு வந்து கேக்கலன்னா, வியாழக்கிழமை அவங்களத்தான் அறுத்திருப்பாங்க. உங்களுக்கு உள்ளயே வளர்ந்திருக்கும். ரெண்டு பேரும் இன்னிக்கு இருக்கறது நீங்க கேட்டதாலதான்" என்றேன்.

அவர் அதை மனத்துக்குள் எடை போட்டுப் பார்த்தார். திருப்தியாகவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கதவு வழியாக எட்டி, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்ற செல்வியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"இதெல்லாம் அவகிட்ட சொல்லிகினு இருக்காத, பொண்ணே. அவ நெனச்சிகினே இருக்கட்டும். முன்ன அத்தன்னுகூட கூப்ட மாட்டா. இப்ப ரெண்டு வருசமா அம்மான்னு கூப்புடறா."

வரிசையிலிருந்து, "அம்மா, மாத்தர வாங்கியாச்சு, வாங்க" என்று குரல் வந்தது. அஞ்சலை எழுந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு, வலி இருப்பவர்போல் கொஞ்சம் நொண்டியபடி நடந்து போனார். அறுத்தது மார்பில், காலில் அல்ல.

வித்யா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒரே ஒரு தடவை மாறியிருக்கிறது. செல்வி எங்காவது இதைப் படித்துவிடக் கூடாது என்பதால் எல்லார் பெயரையும் அவர்கள் ஊரையும் மாற்றிவிட்டேன். தப்பு என்னுடையது என்பதால் என் பெயரை மட்டும் மாற்றவில்லை.